அரைப்பேருக்கு ஓர் ஆபீசு

பதுளையில் அரசாங்கக் கச்சேரி வாசலில் ஒரு பலகை உண்டு. ஏலம், வரி, மாட்டு வியாதி என்று ஊருக்கு வருகிற கெட்ட செய்தியெல்லாம் முதலில் அதில்தான் ஒட்டப்படும். ஒரு நாள் அதில் மூன்று மொழியில் ஓர் அறிவித்தல் தொங்கியது. தோட்டத்து ஆட்களுக்கும் துரைமாருக்கும் நடுவில் நின்று தகராறு தீர்த்துவைக்க அரசாங்கம் புதிதாக ஓர் ஆபீசு திறக்கிறதாம். அதற்குப் பெரிய கிளாக்கர் ஒருவர், துவிபாஷி ஒருவர், பியூன் ஒருவர் தேவையாம். தமிழ்ப் பகுதியின் தலைப்பில் 'வெற்றிடங்கள் மூன்று' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். பிற்பாடு அந்த ஆபீசுக்குள் போய்ப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், மூன்று என்பது குறைத்துச் சொன்ன கணக்கு.

நான் கண் வைத்தது துவிபாஷி வேலைக்கு. தோட்டத்து ஆள் தமிழில் சொல்வதைத் துரைக்கு இங்கிலீசில் சொல்லவேண்டும், துரை இங்கிலீசில் சொல்வதை ஆளுக்குத் தமிழில் சொல்லவேண்டும், அவ்வளவுதான் வேலை. எங்கள் அப்பாவுக்குப் பதுளைக் கடைத்தெருவில் சீலைக்கடை. மிஷன் பள்ளிக்கூடத்தில் என்னைப் படிக்கவைத்து, படித்து முடித்ததும் அதே கடையில் கெஜக்கோலைக் கையில் கொடுத்திருந்தார். கவர்மெண்டு உத்தியோகம் என்றதும் அவருக்கும் ஆசை வந்துவிட்டது. கடையில் துணி கிழிக்கிற மகனைவிடக் கச்சேரியில் காகிதம் கிழிக்கிற மகன் மேல் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்த அறிவித்தலில் கேட்டிருந்த தகுதிகள் இன்னும் எனக்கு மறக்கவில்லை. நல்ல குடும்பத்தில் பிறந்திருக்கவேண்டும். கையெழுத்து வடிவாக இருக்கவேண்டும். இரண்டு பெரிய மனுஷரிடம் நற்சாட்சிக் கடிதம் வாங்கி வரவேண்டும். அம்மை குத்திய தழும்பு இருக்கவேண்டும். தோட்டத்து ஆட்கள் பேசுவது விளங்கவேண்டும் என்று மட்டும் எங்கேயும் இல்லை. கொழும்பில் உட்கார்ந்து அதை எழுதிய புண்ணியவானுக்குத் தமிழ் என்றால் ஒரே தமிழ், உப்பு என்றால் ஒரே உப்பு என்கிற மாதிரி. தழும்பு இருந்தால் போதும், காது கேட்கிறதா என்று பார்க்கவேண்டியதில்லை.

பரீட்சைக்குப் போகிற அன்று காலையில் மாமாவின் கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கினேன். அடுத்த கடை இரும்புச் சாமான் முதலாளி, எங்கள் ஊர் முஸ்லிம் வியாபாரிகளில் வாய் நீளமானவர், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, வேலைக்குப் போறீங்களா, பொண்ணு பாக்கப் போறீங்களா?"

"வேலைக்குத்தான் நானா."

"பாத்துப் போங்க. ரெண்டுலயும் முடிவ முன்னாடியே எடுத்துட்டுத்தான் கூப்பிடுவாங்க."

மனுஷர் இரும்பை மட்டும் நிறுக்கவில்லை என்று அன்றைக்குச் சாயங்காலமே எனக்குப் புரிந்தது.

ஆபீசு என்று பேர்தான். கச்சேரிக்குப் பின்னால் பழைய தானியக் கிடங்கைச் சுண்ணாம்பு அடித்து, ஒரு மேசையும் நான்கு நாற்காலியும் போட்டிருந்தார்கள். சுவரில் ராஜாவின் படம் மட்டும் குறையில்லாமல் இருந்தது. ஆட்கள் வந்து நிற்பதற்கென்று தரையில் ஒரு கோடு கிழித்திருந்தார்கள். நடுநிலை என்றால் அந்த ஆபீசில் அந்தக் கோடு ஒன்றுதான், அதுவும் மேசையிலிருந்து எட்டத்தில்.

பெரிய கிளாக்கர் வேலை ஏற்கெனவே நிரம்பியிருந்தது. கச்சேரியிலேயே பழம் தின்று கொட்டை போட்ட ஒருவர், அறிவித்தல் ஒட்டுவதற்கு முன்பே அந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார் என்று பேச்சு. பியூன் வேலைக்கு அவருடைய சமையற்காரனின் தம்பி. பாக்கி இருந்தது துவிபாஷி மட்டும். அதற்கு இரண்டு பேர் வந்திருந்தோம். ஒருவன் நான். மற்றவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது இருக்கும், மடிப்புக் கலையாத வெள்ளைக் கோட்டு, தங்கச் சட்டம் போட்ட கண்ணாடி. இங்கிலீசு பேசினால் துரையே ஒரு தரம் திரும்பிப் பார்ப்பார், அத்தனை சுத்தம். மலைநாட்டுக்கு வந்து இரண்டு வாரந்தான் ஆகிறது என்றார். மரியாதையான மனுஷர்தான், அதை நான் இல்லை என்று சொல்லமாட்டேன். மரியாதை அன்றைக்கு யாருக்கும் பலன் கொடுக்கவில்லை.

ஆபீசுக்குப் பொறுப்பான கவர்மெண்டு துரை வந்து உட்கார்ந்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. துவிபாஷி இல்லாமல் மனுக்கள் குவிந்து கிடக்கின்றன, பரீட்சையும் நடக்கட்டும் மனுவும் தீரட்டும் என்று, காத்திருந்த ஒரு மனுவையே பரீட்சைக் கேள்வியாக வைத்துவிட்டார். ஒருத்தியின் வயிற்றுப்பாட்டை எடுத்து எங்களுக்கு வினாத்தாள் ஆக்கினார். அதைப் பெரிய கிளாக்கர் "மிகவும் சிக்கனமான ஏற்பாடு" என்று மெச்சினார்.

உள்ளே வந்தவள் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுக்கிறவள். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது. இடுப்பில் கைக்குழந்தை. முதல் நாளே புறப்பட்டு, பாதி வழி நடந்து, பாதி வழி மாட்டுவண்டிக்காரனைக் கெஞ்சி வந்திருக்கிறாள். பின்னாலேயே அவளையும் மற்ற ஆட்களையும் வேலை வாங்குகிற கங்காணி. தோட்டத்தின் பக்கம் பேச, வேலைக்கு வந்தவர்களைப் பதிகிற செக்ரோல் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்திருந்தான். தலைப்பாகை, கோட்டு, காதில் கடுக்கன். தரையில் கிழித்த கோட்டுக்கு வெளியே நிற்கவேண்டும் என்பது அவனுக்கு இல்லையாக்கும், நேராக மேசையருகில் போய் நின்றான்.

முதல் முறை யாழ்ப்பாணத்துக்காரருக்கு. என்னை மூலையில் உட்காரச் சொன்னார்கள். துரை, என்ன குறை என்று கேட்கச் சொன்னார்.

"பிள்ளை, உன்ர முறைப்பாடு என்ன? பயப்பிடாமல் சொல்லு."

"எனக்கு டெய்லி அரைப்பேருதாங்க போடுறாங்க. நாலு மாசமா ஒரு முழுப்பேரு இல்லிங்க."

இங்கே நான் ஒன்று சொல்லியாகவேண்டும். தோட்டத்தில் பேர் என்றால் ஆளைக் கூப்பிடுகிற பேர் மட்டும் இல்லை. ஒரு நாள் வேலைக்குப் பேரும் 'பேர்'தான். பொழுதுக்கும் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். பாதி நாள்தான் வேலை செய்தாய் என்று கங்காணி தீர்மானித்தால் அரைப்பேர். அவனுக்குக் கோபம் வந்தால் பேரையே வெட்டிவிடுவான், அன்றைக்கு முதுகொடியச் செய்ததெல்லாம் காற்றோடு போகும். அரிசி அளப்பதும் பேரைப் பார்த்துத்தான். எங்கள் கடைக்கு வருகிற பெண்கள், "இந்த மாசம் பேரு கொறஞ்சு போச்சுங்க, சீலைய அப்புறம் பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கடைத்தெருவில் புளி நிறுக்கிறவனுக்குக்கூட அது தெரியும். அரசாங்கத்துக்குத் தெரியாது.

யாழ்ப்பாணத்துக்காரர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். கொஞ்சம் யோசித்தார். பிறகு துரையிடம் தெளிவான இங்கிலீசில், "இந்தப் பெண்ணின் பெயரைத் தோட்டத்தில் பாதி மட்டுமே எழுதுகிறார்களாம், நான்கு மாதமாக முழுப்பெயரும் எழுதப்படவில்லையாம்" என்றார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. துரை சிரிக்கவில்லை. புருவத்தைச் சுளித்து, ஏன் அப்படி என்று கேட்கச் சொன்னார்.

"ஏன் பிள்ளை அரைவாசிப் பேர் போடுகினம்?"

"புள்ளைக்கிப் பாலு குடுக்கணுங்களே. மத்தியானம் மலையிலேர்ந்து எறங்கி புள்ளக் காம்பராவுக்குப் போயி குடுத்துட்டு வர நேரமாவுது. அதுக்குத்தான் அரைப்பேரு. காலயில எல்லாருக்கும் முன்னாடி பெரட்டுக்கு நிக்கிறேங்க. சாயங்காலம் எல்லாரோடயும்தான் கொழுந்து நிறுக்கிறேன். நடுவுல பாலுக்குப் போற நேரத்துக்கு அரைநாளயா பிடிக்கிறது?"

பெரட்டு என்றால் காலையில் ஆள் கணக்கெடுக்க நிற்கவைக்கிற வரிசை. பிள்ளைக் காம்பரா என்பது மலையில் வேலை செய்கிற தாய்மாரின் குழந்தைகளை ஓர் ஆயா பார்த்துக்கொள்கிற அறை. அது யாழ்ப்பாணத்துக்காரருக்கு ஒருவாறு விளங்கியிருக்கவேண்டும். பாலும் விளங்கியது. பேர்தான் விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொன்னால் பரீட்சையில் குறைந்துபோகும் அல்லவா, இரண்டையும் அவரே ஒட்டுப்போட்டார். "மத்தியானம் குழந்தைக்குப் பாலூட்ட இவள் போய்விடுகிறாள். அந்த நேரத்தில்தான் பெயர் பதிகிறார்கள். நேரில் இல்லாத காரணத்தால் பெயரைப் பாதியாக எழுதிவிடுகிறார்கள்" என்றார்.

குழந்தை அழுதது. அவள் அங்கேயே கோட்டின்மேல் உட்கார்ந்து முந்தானையை இழுத்து மூடிப் பால் கொடுத்தாள். துரை நாகரிகமானவர், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் சொன்னது முழுவதும் அவர் கண்ணுக்கு முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, அவர் ஜன்னலுக்கு வெளியே மாமரத்தைப் பார்த்தார்.

பிறகு செக்ரோலைக் கொண்டுவரச் சொன்னார். கங்காணி விரித்துக் காட்டினான். என்ன சாபக்கேடோ, அதில் அவள் பேர் நிஜமாகவே பாதிதான் இருந்தது. தோட்டத்துக் கணக்கப்பிள்ளைமார் யார் பேரைத்தான் முழுசாக எழுதினார்கள், கட்டத்துக்குள் அடங்குகிற வரைக்கும் எழுதிவிட்டு மிச்சத்தைச் சாமி பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவார்கள். துரையின் முகம் மலர்ந்ததைப் பார்க்கவேண்டும். ஒரு குறையைச் சொன்னார்கள், புத்தகத்தைத் திறந்தார், குறை அப்படியே அங்கே இருக்கிறது. இதைவிட ஓர் உத்தியோகஸ்தருக்கு என்ன பாக்கியம் வேண்டும்? "இது கவனக்குறைவு, ஒருவருடைய பெயரை மதிக்கவேண்டும்" என்று இரண்டு நிமிஷம் பேசினார்.

நான் எழுந்துவிட்டேன். "ஐயா, பேர் என்று இவள் சொல்வது தன் பேரை இல்லை, தன் நாளை. பால் கொடுக்கப் போவதற்காக அரை நாள் வேலையை வெட்டுகிறார்கள்" என்று என் பள்ளிக்கூட இங்கிலீசில் சொன்னேன்.

துரை என்னைப் பார்த்துவிட்டுப் பெரிய கிளாக்கரைப் பார்த்தார். பெரிய கிளாக்கர் என்னிடம், "இப்போது பரீட்சை உமக்கா?" என்றார்.

"இல்லை. ஆனால்..."

"உமது முறை வரும்போது பேசும்."

துரை கொஞ்சம் தயங்கினார் என்றுதான் சொல்லவேண்டும். கங்காணிப் பக்கம் திரும்பி, நாற்பது வருஷம் இந்தத் தீவில் இருந்தவர்களும் பேசுகிற அரைகுறைத் தமிழில், "பேரு... என்னா?" என்று கேட்டார். கங்காணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அறையில் அவளுக்கும் எனக்கும் அடுத்தபடியாகப் பேர் என்றால் என்ன என்று தெரிந்தவன் அவன் ஒருவன்தான். அவன் குனிந்து, கைகட்டி, பூனை மாதிரிச் சொன்னான்:

"நம்ம மேல தப்புதாங்க தொர. இந்தப் புள்ள பேர நாளையிலிருந்து முழுசா எழுதிர்றோம்."

அயோக்கியன். என் வாழ்நாளில் எத்தனையோ பேர் பொய் சொல்லிக் கேட்டிருக்கிறேன், இத்தனை பணிவாக ஒருவனும் சொன்னதில்லை.

துரை உத்தரவு எழுதினார். மனுதாரியின் பெயர் செக்ரோலில் குறைவின்றி முழுமையாக எழுதப்படவேண்டும், மனு இருதரப்புக்கும் திருப்தியாகத் தீர்ந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் அதை அவளுக்குச் சொன்னார்: "பிள்ளை, துரை உத்தரவு போட்டிட்டார். இனி உனக்கு முழுப்பேர் போடுவினம்."

அவள் காதில் விழுந்தது 'முழுப்பேர்' என்கிற ஒரே சொல். கும்பிட்டாள். குழந்தையின் கையையும் பிடித்துக் கும்பிடவைத்தாள். "தொர நல்லா இருக்கணுங்க, புள்ளகுட்டியோட நல்லா இருக்கணும்" என்றாள். அதையும் யாழ்ப்பாணத்துக்காரர் அழகாக மொழிபெயர்த்தார். அதில் ஒரு பிழையும் இல்லை.

எனக்கு முறை வந்தது. காட்டு இலாகா சட்டத்திலிருந்து ஒரு பத்தியைக் கொடுத்துத் தமிழில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். முடித்துவிட்டு, அந்தப் பெண்ணின் மனுவை மறுபடி கேட்கவேண்டும் என்று ஆரம்பித்தேன். தீர்ந்த மனுவைத் திறக்க வழியில்லை என்றார் பெரிய கிளாக்கர், திருப்தி என்று மனுதாரியே சொல்லியிருக்கிறாள் என்றார். அவர் தமக்கு முன்னாலிருந்த தாளில் ஏதோ எழுதினார். என்ன எழுதினார் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசியம் இருக்கவில்லை.

வெளியே வந்ததும் முதலில் யாழ்ப்பாணத்துக்காரரைப் பிடித்தேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"பேர் எண்டால் பேர்தானே தம்பி?"

"இங்கே இல்லைங்க. திரும்பிப் போய்ச் சொல்லுங்க, உங்க பேச்சைக் கேட்பாங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், ரொம்ப நேரம் துடைத்தார். "துரை கையெழுத்து வைச்சிட்டார். இப்ப போய் நான் பிழையாச் சொன்னனான் எண்டால்..." என்றார். எனக்குக் காறித் துப்பவேண்டும் போல் இருந்தது. அந்தத் தங்கச் சட்டத்துக்குள் இரண்டு நல்ல கண்கள்தான் இருந்தன, அவற்றைத் துடைத்து என்ன பிரயோசனம்?

அவள் பசறை ரோட்டில் போய்க்கொண்டிருந்தாள். ஓடிப்போய் மறித்தேன். மாமாவின் கோட்டு அக்குளில் கிழிந்தது அப்போதுதான்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம் நில்லும்மா. அவங்க சொன்ன முழுப்பேரு நீ கேட்ட முழுப்பேரு இல்ல. ஓம் பேர ரோலுல முழுசா எழுதச் சொல்லிருக்காங்க, அவ்வளவுதான். அரைநாள் அரைநாளாத்தான் இருக்கும்."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

"நீங்க அந்த மூலையில குந்திக்கிட்டு இருந்தவரு தானே?"

"ஆமா."

"கவர்மெண்டு தொர சொன்னது எங் காதால கேட்டேங்க. முழுப்பேருன்னாரு. கங்காணியும் ஆமாங்கன்னு கைகட்டி நின்னாரு. அவரு யாருக்கும் கைகட்டி நான் பாத்ததே இல்ல." பிறகு சிரித்துக்கொண்டே, "வேல கெடைக்கலன்னு வயித்தெரிச்சலாங்க?" என்றாள்.

கோட்டுப் போட்டவன் சொல்வதில் எதை நம்பவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள். குழந்தை அவள் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. எதற்கும் மத்தியானத்தில் இறங்குவதற்கு முன்னால் கங்காணியிடம் கேட்டுக்கொள் என்று சொன்னேன். சரிங்க சரிங்க என்று சொல்லிவிட்டு நடந்தாள், நடையிலேயே தெரிந்தது கேட்கமாட்டாள் என்று.

எனக்கு வேலை கிடைக்கவில்லை. மூன்றாம் நாள் அப்பா கெஜக்கோலை எடுத்து நீட்டினார். இரும்புக்கடை நானா, "பொண்ணு வீட்டுல என்ன சொன்னாங்க தம்பி?" என்று தினமும் கேட்டு என் உயிரை வாங்கினார். யாழ்ப்பாணத்துக்காரர் வேலையில் சேர்ந்தார். முதல் ஆறு மாதத்தில் வந்த மனுக்கள் எல்லாம் இருதரப்புக்கும் திருப்தியாகத் தீர்ந்தன என்று கச்சேரிப் பலகையில் அறிக்கை ஒட்டியிருந்தார்கள். நான் அதன் எதிரே நின்று இரண்டு தரம் படித்தேன். பக்கத்தில் நின்ற ஒருவர், என்ன தம்பி சிரிக்கிறீங்க என்று கேட்டார். நான் சிரிக்கவில்லை.

தோட்டங்களில் சம்பளம் போட்ட ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா என்னை லுணுகலைக்கு அனுப்புவார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்துச் சீலைகளை அடுக்கி விற்றுவிட்டு வரவேண்டும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை, குழந்தைக்கு ஒரு சட்டைத்துணி கேட்டுக்கொண்டு ஒருத்தி வந்து குந்தினாள். குரலைக் கேட்டு நிமிர்ந்தேன். அவள்தான். குழந்தை இடுப்பில் இருந்தது, கழுத்து மெலிந்து தலை மட்டும் பெரிதாகத் தெரிந்தது.

அவளும் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். முகத்தைத் திருப்பிக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் திருப்பவில்லை.

"நீங்க சொன்னது மெய்தாங்க" என்றாள். உத்தரவு வாங்கி வந்த மறுநாள் மத்தியானம், இனி நமக்கென்ன என்று எல்லார் முன்னாலும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்குப் போயிருக்கிறாள். அன்று கங்காணி அரைப்பேர்கூடப் போடவில்லை, முழுவதும் வெட்டிவிட்டான். சண்டைக்குப் போனவளிடம் செக்ரோலை விரித்துக் காட்டினானாம். அவள் பேர், அவள் தகப்பன் பேர், அவள் ஊர்ப் பேர் எல்லாம் கணக்கப்பிள்ளை குண்டு குண்டாக எழுதியிருந்தானாம், ஒரு எழுத்துக் குறையில்லை.

"அப்புறம் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டேன்.

"என்னாத்தப் பண்றது? மூணு நாள் வெட்டுனாரு. அரிசியும் கொறச்சுட்டாங்க. அப்புறம் எறங்கலிங்க. காலயில ஒரு வாட்டி குடுக்கிறது, ராவுல ஒரு வாட்டி. நடுவுல கஞ்சித்தண்ணி."

நான் சட்டைத்துணியைக் கிழித்து மடித்து அவள் மடியில் வைத்தேன். காசு வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தாள்.

"வச்சுக்கிங்க. இப்ப எனக்குக் கொறையில்ல. தெனமும் முழுப்பேருதாங்க போடுறாங்க." குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு எழுந்தாள். "பாலு வத்திப் போச்சு."